சம்மதம் கேட்ட வசனம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வியாசர்பாடியில் நாங்கள் இருந்த குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு வாயாடி உண்டு. எங்கள் வீட்டில் அப்பா, நான் என்று இரண்டு பேர். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர், பௌத்தம் தழுவியவர். புத்தர் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு யார் எதைச் சொன்னாலும் "அது எப்படி?" என்று கேட்பார். சோறு வெந்துவிட்டது என்று அம்மா சொன்னால்கூடக் கேட்பார். அந்த 'எப்படி' எனக்கும் ஒட்டிக்கொண்டது. வாரப் பத்திரிகைகளில் வரும் புதிர்களும், தன் காலைத் தானே வாரிவிட்டுக்கொள்ளும் வாக்கியங்களும் என்றால் எனக்கு உயிர். 'நான் இப்போது சொல்வது பொய்' என்று ஒருவன் சொன்னால் அது உண்மையா பொய்யா என்று கேட்டு, எத்தனையோ பேருடைய டீயை ஆறவைத்திருக்கிறேன்.

பிழைப்பு சாத்தாங்காட்டில், ஒரு இரும்பு யார்டின் எடை மேடையில். லாரி காலியாக ஏறும், எடை போடுவேன். சரக்கோடு ஏறும், மறுபடி போடுவேன். கழித்தால் கிடைப்பது இரும்பு. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்பார்கள். எனக்கு இருந்தது. ஊரில் உள்ள லாரியை எல்லாம் எடை போடும் மேடை, தன்னைத் தானே எடை போட்டுக்கொள்ள முடியாது. அதற்கு முத்திரை போட அரசு ஆட்கள் எடைக்கற்களோடு வருவார்கள். அந்தக் கற்கள் சரியென்று யார் பார்த்தார்கள் என்று ஒரு தடவை கேட்டேன். அதைப் பார்க்க வேறு கல் இருக்கிறது என்றார் ஒருவர். அந்தக் கல்லை யார் பார்த்தார்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதலாளியிடம் போய், உங்கள் ஆளுக்கு வெயில் ஏறிவிட்டது என்றார்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் ஒரு விசுவாசி. வாய்க்கும்போது அவள் விசுவாசி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில், என் அம்மாவும் அவள் அம்மாவும் பேசி முடித்த கல்யாணம். ஐயர் இல்லை, பெரியவர்கள் எடுத்துக் கொடுத்த தாலி. உனக்குச் சம்மதமா என்று அவளை ஒப்புக்காவது ஒரு அத்தை கேட்டாளாம். என்னை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையைக் கேட்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தாலே சம்மதம்தான்.

கல்யாணமாகிச் சில வருஷத்தில் அவளுக்கு டி.பி. வந்தது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டாள், குணமும் ஆனாள். ஆனால் அந்த மாதங்களில் எங்கள் சொந்தக்காரர்கள் நடந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது. வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. மருந்து முடிந்து, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்ன பிறகும் குடிக்கவில்லை. அப்போது பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள். அவளோடு இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் ராயபுரத்தில் ஒரு சின்ன சபையைச் சேர்ந்தவர்கள். வலை, கயிறு விற்கும் கடைக்கு மேலே மாடியில் ஒரு கூடம். சிலுவை கிடையாது, பாதிரியார் கிடையாது, மேளம் தாளம் கிடையாது. மூப்பர் என்று ஒரு பெரியவர், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒரு அப்பத்தைப் பிட்டு ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்வார்கள். பிறகு திராட்சை ரசம், ஒரே கோப்பை. கோப்பை கைமாறி வரும், எல்லோரும் அதே விளிம்பில் வாய் வைத்துக் குடிப்பார்கள். ஞானஸ்நானம் வாங்கி என் மனைவி முதன்முதலாக அந்தக் கோப்பையில் குடித்த அன்று, அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெண் அதை வாங்கித் துடைக்காமல் குடித்தாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவள் அழுதாள். கடவுள் இருக்கிறாரா என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அந்தக் கோப்பையைப் பற்றி அன்றிலிருந்து நான் ஒரு வார்த்தையும் தப்பாகப் பேசியதில்லை.

மற்றதைப் பற்றியெல்லாம் பேசினேன். அவர்கள் வேதம் முழுவதும், எழுத்துக்கு எழுத்து, கடவுள் ஊதிய மூச்சு என்று அவள் சொன்னபோது, என் அப்பாவின் 'எப்படி' எனக்குள் எழுந்து உட்கார்ந்தது. அது கடவுள் வாக்கு என்று யார் சொன்னது? அந்தப் புத்தகமே சொல்கிறது என்றாள். எடை மேடை தன்னைத் தானே எடை போட்டுக்கொள்கிறதா என்றேன். பிறகு நானே அந்தப் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். குற்றம் கண்டுபிடிக்கப் படிக்கிறவன் பக்தனைவிட ஊன்றிப் படிப்பான். கிரேத்தா தீவுக்காரர்கள் எப்போதும் பொய்யர்கள் என்று அந்தத் தீவுக்காரன் ஒருவனே சொன்னதை எடுத்து எழுதி, அவன் சொன்னது சரிதான் என்று, இயேசுவின் தூதனாக ஊர் ஊராகப் போன அப்போஸ்தலன் ஒரு கடிதத்தில் ஒப்புதல் கொடுக்கிறான். எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. எப்போதும் பொய் சொல்கிறவன் தன்னைப் பொய்யன் என்று சொன்னால் அது எப்படி உண்மையாகும் என்று அவளிடம் போய் நின்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வியாசர்பாடி ஆளுங்க எல்லாம் வாயாடிங்கன்னு உங்க நைனா சொல்லுவாரே. அவரு எந்த ஊரு?" என்றாள்.

அதோடு அந்தப் புதிர் முடிந்தது. ஆனால் இன்னொன்று கிடைத்தது, அது லேசில் முடியவில்லை. கொரிந்து ஊர் சபைக்கு எழுதிய கடிதத்தில் கல்யாணம் பற்றிப் பேசும்போது, ஒரு இடத்தில் அப்போஸ்தலன் நிறுத்தி, இனி வருவது கர்த்தர் சொல்வது அல்ல, நானாகச் சொல்வது என்கிறான். புத்தகம் முழுவதும் கடவுளின் மூச்சு என்றால் இந்த வாக்கியமும் அவர் மூச்சு. அப்படியானால், 'இதை நான் சொல்லவில்லை' என்று கடவுளே சொல்கிறார். அதை நம்பினால் அவர் சொல்லவில்லை. நம்பாவிட்டால் புத்தகத்தில் ஓட்டை. நான் எத்தனையோ புதிர் பார்த்திருக்கிறேன், இதைப் போல அழகானது பார்த்ததில்லை. பல வருஷம் இதை வைத்து அவளைச் சீண்டினேன். அவள் சிரித்துக்கொள்வாள், சில சமயம் கரண்டியைத் தூக்குவாள். அந்த வாக்கியத்துக்கு அடுத்து என்ன வருகிறது என்பதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. எனக்கு வேண்டியது முன்பாதிதான்.

பின்பாதிதான் எங்கள் குடும்பம். நம்பாத புருஷனுக்கு இவளோடு வாழச் சம்மதம் இருந்தால், விசுவாசியான மனைவி அவனைவிட்டுப் பிரிய வேண்டாம் என்று அது சொல்கிறது. பழைய மூப்பர் அதைப் படித்துக் காட்டித்தான் அவளை அந்த அப்பம், கோப்பைப் பந்தியில் சேர்த்துக்கொண்டார். அவர் தங்கமான மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு எதிரே டீக்கடையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். மாடி ஜன்னலிலிருந்து எனக்குக் கையசைப்பார். அவர் காலமான பிறகு வேறொருவர் மூப்பரானார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நேர்த்தியாகச் சட்டை போடுவார், அதிகம் பேசமாட்டார், கையசைக்க மாட்டார். நானும் அவரைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு ஞாயிறு அவள் மாடிப்படியில் இறங்கி வந்தபோது தலையில் முக்காடு அப்படியே இருந்தது. கூடத்தில் பெண்கள் புடவைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொள்வார்கள். கடைசிப் படியில் அவள் அதை எடுத்துவிட்டுத்தான் ஹெல்மெட்டை வாங்குவாள். அன்று எடுக்கவில்லை, ஹெல்மெட்டையும் வாங்கவில்லை. தண்டையார்பேட்டை வரை அப்படியே வந்தாள். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்ற இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, என்ன என்று கேட்டேன். இனிமேல் பந்தியில் கை வைக்க வேண்டாம், பின்வரிசையில் உட்காருங்கள் என்று மூப்பர் சொல்லிவிட்டாராம். விசுவாசியும் அவிசுவாசியும் ஒரே நுகத்தில் இருக்கக்கூடாது என்பது கர்த்தருடைய கட்டளை. சேர்ந்து வாழலாம் என்ற அந்த இன்னொரு வசனமோ, கர்த்தர் சொன்னதல்ல என்று அதுவே சொல்கிறது. மனுஷனுடைய ஆலோசனையைப் பிடித்துக்கொண்டு தேவனுடைய கட்டளையைத் தள்ள முடியாது. ஒன்று, புருஷன் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் அவள் அக்கா வீட்டுக்குப் போய்ப் பிரிந்திருந்து ஜெபிக்க வேண்டும். கோபமாகச் சொல்லவில்லை, கண்ணைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார் என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது, அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் புதிரை அந்த ஆள் எடுத்துக்கொண்டாரே என்ற எரிச்சல். நான் விளையாட்டுக்குச் சுற்றிய கத்தியை அவர் நிஜமாகவே என் வீட்டில் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் அவள் போனாள். பின்வரிசையில், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்பத் தட்டு அவள் வரை வராமல் திரும்பியது. கஞ்சி கொண்டுவந்த பெண் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாளாம். அதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள். நான் சும்மா இருக்க முடியாமல், நானே போய்த் தண்ணீரில் முங்கிவிட்டு வருகிறேன், கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டால் முடிந்தது என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எண்ணூர்க் கடலில் முங்கச் சொன்னால்கூட முங்கியிருப்பேன்.

"பொய் சொல்லி வாங்கற அப்பம் எனக்கு எறங்காதுயா," என்றாள்.

அவர்கள் சபையில் பெண்கள் வாய் திறக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால் வீட்டில் புருஷனைக் கேட்கட்டும் என்று அதே கொரிந்து கடிதத்தில் எழுதியிருக்கிறது. இதை வைத்தும் நான் முன்பு கிண்டல் செய்திருக்கிறேன், உன் வேதத்துக்கு நான்தான் வாத்தியார் என்று. ஒரு நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் குடியிருந்த எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் உதறித்தான் மடிக்க வேண்டும். அவள் உதறிக்கொண்டே, புருஷனைத்தான் கேட்கணுமாம், கேட்கிறேன், அந்த வசனம் ஆண்டவர் சொன்னதா இல்லையா என்றாள். எனக்காகச் சொல்லாதே, நிஜத்தைச் சொல் என்றும் சொன்னாள்.

கையில் இருந்த சட்டையை இன்னொரு தடவை உதறினேன். ஆண்டவர் சொன்னதில்லை என்றால் மூப்பர் பக்கம் சேர்ந்துகொண்டு என் மனைவியைப் பந்தியிலிருந்து நானே தள்ளுகிறேன். ஆண்டவர் சொன்னது என்றால், சொல்ல ஒரு ஆண்டவர் இருக்கிறார் என்று நம்பாத நான் பொய் சொல்கிறேன். இரண்டு பக்கமும் அடைத்த சந்து. புதிர் என்பது பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்வரைதான் சுகம். தெரியவில்லை என்றேன். அவள் தலையணை உறையை மடித்து என் கையில் கொடுத்தாள்.

யார்டில் எனக்கு ஒரு தோஸ்து உண்டு, வண்ணாரப்பேட்டை பாய், லாரி புக்கிங் பார்க்கிறவர். அவரிடம் முழுவதையும் சொல்லி, வசனத்தின் முன்பாதி, பின்பாதி, நுகம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் மார்க்கத்திலும் வேதம் இறைவாக்குதான், அதனால் நான் பேசிய தோரணை அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் தோஸ்து அல்லவா. "மாமு, நீ இத்தினி வருசமா ஜெயிக்கறதுக்கு பேசிகினு கீற. இப்ப வூட்டுக்காரிக்காக பேசணும். அது வேற," என்றார்.

அதன் பிறகுதான் மூப்பரை வீட்டுக்குக் கூப்பிட்டுவிடச் சொன்னேன். சண்டை போட மாட்டேன் என்று அவளிடம் உறுதி கொடுத்தேன். அவர் ஒரு ஞாயிறு மதியம் வந்தார். ஜிப் வைத்த உறைக்குள் வேதப்புத்தகம், மடித்த குடை. கூடத்தில் அப்பா விட்டுப்போன புத்தர் படத்துக்கு நேர் எதிரே நாற்காலி போட்டிருந்தது. படத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார். டீ வைத்தாள், அவர் தொடவில்லை. அவள் சமையலறை வாசலில் முக்காட்டோடு நின்றுகொண்டாள்.

நான் ஆரம்பித்தேன். வேதம் எழுத்துக்கு எழுத்து கடவுளின் மூச்சு என்பது உங்கள் நம்பிக்கைதானே என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்படியானால் கர்த்தர் அல்ல நான் என்று எழுதியிருக்கும் அந்த எழுத்தும் மூச்சுதான். அது மூச்சு என்றால் நீங்கள் அதை ஒதுக்க முடியாது. அது மூச்சு இல்லை என்றால் புத்தகத்தில் மூச்சு எட்டாத இடம் ஒன்று இருக்கிறது என்று ஆகும். அப்புறம் நுகத்தைப் பற்றிச் சொன்ன இடத்தில் மட்டும் எட்டியிருக்கிறது என்று உங்களுக்கு யார் முத்திரை போட்டுக் கொடுத்தது? கடவுளுக்கு ஒரு மனுஷனை அவன் சொந்தக் குரலில் பேசவிடத் தெரியாதா? இது என் கருத்து, எல்லோர் மேலும் சுமத்தாதீர்கள் என்று அவன் அடக்கமாகச் சொல்வதும் அவர் ஊதின மூச்சாக ஏன் இருக்கக்கூடாது?

பேசப் பேச எனக்கே வேடிக்கையாக இருந்தது. வீட்டில் நாத்திகன் நான். அந்த வசனம் கடவுளுடையது என்று அடித்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். எதிரே, வேதத்தில் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர், அது கடவுளுடையது இல்லை என்று உட்கார்ந்திருக்கிறார். பேச்சு நன்றாக வந்தது. எங்கள் அப்பா இருந்திருந்தால் தொடையைத் தட்டியிருப்பார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மூப்பர் உறையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"நான் அந்த வசனத்தக் காட்டித்தான் என் தங்கச்சிய திருப்பி அனுப்புனேன், தம்பி," என்றார்.

பிறகு மீதியைச் சொன்னார். அவருடைய தங்கையும் விசுவாசி. புருஷன் விசுவாசி இல்லை, அடிக்கிறவன். ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். இவர் அப்போது இளம் வயது, வசனம் எல்லாம் தலைகீழாகத் தெரியும். விசுவாசியான மனைவி பிரியக்கூடாது என்று படித்துக் காட்டி, ஜெபம் செய்து, அவரே பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அவள் அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்து இவர்தான் போக வேண்டியிருந்தது, ஆஸ்பத்திரிக்கு, உடலை வாங்க.

"அது ஆண்டவர் வார்த்தைன்னு நீ சொல்லச் சொல்ல, அவள அனுப்புனது ஆண்டவருன்னு ஆவுது. என்னால அத்த தாங்க முடியல. மனுசன் வார்த்தையாவே இருந்துட்டு போவட்டும். தப்பு என்னோடதா இருக்கட்டும்," என்றார்.

 வாயாடியாக இத்தனை காலம் வாழ்ந்ததற்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதர் என் மனைவியைத் தண்டிக்கவில்லை, தன் தங்கையை இத்தனை வருஷம் கழித்து அந்த பஸ்ஸிலிருந்து இறக்கப் பார்க்கிறார். நான் போட்ட அழகான வாதம் அவர் கையைப் பிடித்து மறுபடியும் அவளை ஏற்றச் சொல்லியிருக்கிறது. 

அப்போது என் மனைவி பேசினாள். சபையில் பேசாதவள், இது வீடு.

"ஐயா, அந்த வசனத்துல 'அவனுக்கு சம்மதமிருந்தா'ன்னு ஒண்ணு கீது. பொண்டாட்டிய அடிக்கறவன், அவ கூட வாழ சம்மதம் சொன்னவன் இல்ல. அப்ப அந்த சம்மதத்த யாரும் கேக்கல. உங்களுக்கு சின்ன வயசு, உங்களுக்கும் தெரியல. வசனம் அவள அனுப்பல ஐயா."

பிறகு, என் புருஷனையும் இதுவரை யாரும் கேட்டதில்லை, நீங்கள் ஒரு தடவை கேளுங்கள் என்றாள்.

மூப்பர் உறையைத் திறந்தார். அந்தப் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, புத்தகம் தானாகவே அங்கே விரிந்தது. விரலை வைத்து, உதடு அசையப் படித்தார். மனப்பாடமாகத் தெரிந்ததை அவ்வளவு நேரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இவங்க விசுவாசி, தம்பி. சாவுறவரைக்கும் விசுவாசியாத்தான் இருப்பாங்க. இவங்களோட வாழ உங்களுக்கு சம்மதமா?"

அந்தப் புத்தகத்தில் என்னை எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும், ஒன்று நான் பொய் சொல்லியிருக்க வேண்டும், அல்லது இல்லை என்றிருக்க வேண்டும். உலகத்தைப் படைத்தவர் உண்டா, செத்தவர் எழுந்தாரா, தண்ணீர் ரசமானதா, எல்லாவற்றுக்கும் என் பதில் அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவ்வளவு பெரிய புத்தகம் என்னைப் போன்ற ஒருவனிடம் கேட்பது இந்த ஒன்றைத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நம்பு என்றுகூட அந்த இடத்தில் கேட்கவில்லை. வாசலில் நின்றவளைப் பார்த்தேன். டி.பி.யில் மெலிந்து கிடந்தபோது பார்த்த அதே கண்.  சம்மதம் என்று சொன்னது வெளியே கேட்டதா என்று சந்தேகமாக இருந்ததால், இன்னொரு தடவை சொன்னேன்.

மூப்பர் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். வேறு சூடாகப் போட்டுத் தருகிறேன் என்று அவள் சொன்னதற்கு, இதுவே போதும் என்றார். கிளம்பும்போது குடையை மறந்துவிட்டுப் போனார். நான் தெருமுனை வரை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்கிக்கொண்டு என் தோளைத் தொட்டார்.

அடுத்த ஞாயிறு டீக்கடையில் உட்காராமல் நானும் மாடி ஏறினேன். பின்வரிசை பெஞ்சில், அவள் இத்தனை வாரம் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். அவள் முன்னால் பெண்கள் பக்கம் போனாள். கீழே கடையிலிருந்து கயிற்று வாசனை வந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் எழுந்து ஜெபித்தார், ரொம்ப நேரம் ஜெபித்தார், எனக்கு வழக்கம்போல் எதிர்க்கேள்விகள் தோன்றிக்கொண்டே இருந்தன. தட்டு போனது. கோப்பை போனது. என் மனைவி குடித்துவிட்டு அடுத்து இருந்தவளிடம் நீட்டினாள். கஞ்சி கொண்டுவந்த அதே பெண். வாங்கி, துடைக்காமல் குடித்தாள். எனக்கு எந்த மூச்சும் ஊதப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் நன்றாக அழுதேன், பக்கத்தில் இருந்த ஒருவர் நான் மனந்திரும்பிவிட்டேன் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூப்பர் நுகத்தைப் பற்றிய தன் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று நான் நினைக்கவில்லை. அந்த வசனம் கர்த்தர் சொன்னதா இல்லையா என்றும் அவர் முடிவாகச் சொல்லவில்லை. ஜன்னலிலிருந்து கையசைக்கும் பழக்கம் அவருக்கு இப்போதும் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் ஒரு டீ சொல்லி அனுப்புகிறார், நான் மறுபடியும் எதிரே டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தும்.

நான் மாடி ஏறிய அன்றைக்கு, வீட்டுக்கு வந்ததும் அவள் சங்கரா மீன் வறுக்க ஆரம்பித்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே, ஒரு சந்தேகம் கீது, சபையில கேக்கக்கூடாது, வூட்டுலதான் கேக்கணும் என்றாள். கேள் என்றேன்.

"அவரு முன்னால சம்மதம்னு சொன்னியே. அது நெசமா, இல்ல எனக்கு அப்பம் கெடைக்கணும்னு சொன்னியா?"

நிஜம் என்று சொல்ல வாயெடுத்தேன், அப்படியே நின்றேன். பொய் சொல்கிறவனும் அதையேதான் சொல்வான். சத்தியம் செய்யலாம், அதையும் பொய்யன் செய்வான். என் வார்த்தையை நிறுத்துப் பார்க்க என்னிடமும் என் வார்த்தையைத் தவிர வேறு கல் இல்லை. எத்தனை வருஷம் இவளுடைய புத்தகத்திடம் இதையே கேட்டு மடக்கினேன். நீ சொன்னால் ஆச்சா, வேறு யார் சொல்கிறார்கள் என்று.

"ஆண்டவர் சொல்லல மே," என்றேன். "நான்தான் சொல்றேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.  மீனைத் திருப்பிப் போட்டாள்.